இரட்டைக் குழலில் ஐந்து வேட்டு

பேய்ப் படத்தில் வந்த துப்பாக்கியைப் பார்த்துச் சிரித்ததற்காக எனக்கு ஒரு கல்யாணம் நின்றுபோனது. இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். காலையில் பால்வெட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காவல் தொண்டர் படைப் பயிற்சி. தோட்டத்திலிருந்து சேர்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் அணைத்துச் சுடக் கற்றிருந்தேன். முதல் நாள் அது உதைத்த உதையில் தோள் கன்றிப்போய், பால் வாளி தூக்க முடியவில்லை. அதிலும் எனக்குப் பெருமைதான்.

அம்மாவுக்குக் கவலை. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். ஈப்போவில் அரசாங்க வேலையில் இருந்த மாப்பிள்ளையின் வீட்டார் என்னைப் பார்த்துப் பிடித்துப்போய், எங்களைப் படத்துக்கு அழைத்தார்கள். எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அவருடைய அம்மா, அதற்கும் அப்பால் மாப்பிள்ளை.

பாழடைந்த பங்களாவில் பேய் வந்தது. பயந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கதாநாயகன் சுவரில் மாட்டியிருந்த இரட்டைக் குழலை எடுத்து, ஒற்றைக் கையில் இடுப்போடு வைத்து, ஐந்து முறை சுட்டான். நடுவில் தோட்டா போடக் குழலைத் திறக்கவே இல்லை. உடம்பும் அசையவில்லை. என் பயம் போயே போய்விட்டது.

"ரெண்டு வேட்டுதானே இருக்கும். நல்லா காதுல பூ சுத்துறாங்க லா," என்று சிரித்தேன். முன்வரிசையிலும் யாரோ சிரித்தார்கள். அம்மா தொடையில் கிள்ளினார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை கேட்டார்: "பேய் வாரத நம்புறீங்க, தோட்டாவுக்கு மட்டும் கணக்கு பாக்குறீங்களா?"

"பேய நான் பாத்ததில்ல, அது எப்படி வேணும்னாலும் வரட்டும். துப்பாக்கிய நான் புடிச்சிருக்கேன்."

அவருடைய அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. பிறகு தரகர் மூலம் செய்தி வந்தது: பெண், படையிலிருந்து விலக வேண்டும், பெரியவர்கள் முன்னால் வாயாடியதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். பால் வெட்டுகிறவளுக்குத் துப்பாக்கி எதற்கு என்றும் மாப்பிள்ளையின் அம்மா கேட்டாராம். இந்தக் கைக்குக் கத்தி தகும், துப்பாக்கி தகாதோ? முடியாது என்று சொல்லிவிட்டேன். அம்மா தங்கைகளைக் காட்டிக் கெஞ்சினார், அழுதார். அது வலித்தது. ஆனாலும் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சம்பந்தம் முறிந்தது. அம்மா என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்துத் தரகர் தைப்பிங்கிலிருந்து இன்னோர் இடம் கொண்டுவந்தார். இந்த முறை படைச் சமாச்சாரத்தைச் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று குரலைத் தணித்து யோசனை சொன்னார். நான் அடுப்படியிலிருந்து எதிர்த்துப் பேச வெளியே வந்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"மறைக்கிறதுக்கு அவ என்ன திருடுனாளா, அண்ணே? எம்பொண்ணு துப்பாக்கி சுடுவா. மொதல்ல அதச் சொல்லுங்க. கேட்டுட்டு வாரவங்க வரட்டும்."