தம்பி கேட்ட டீ

சோற்றை விட்டதால் எனக்கு நன்மைதான் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், நான் யார் தலையிலோ பழியைப் போடப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். பழி போட எனக்கு வேறு ஆள் கிடையாது.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. படகில் கால் தூக்கி வைத்தால் முட்டி இரண்டும் சத்தம் போடும். குனிந்து வலை இழுத்தால் மூச்சு வாங்கும். போனில் ஒருத்தர் பேசிய வீடியோ பார்த்தேன். அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் விடு. மீன், முட்டை, கறி, கீரை சாப்பிடு. எடை தானாக இறங்கும் என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பழவேற்காடு ஏரியில் பிறந்தவனுக்கு மீனுக்கா பஞ்சம்? எங்கள் குப்பத்தில் கடைக்குப் போய் வாங்குவதே அரிசியைத்தான்.

முதல் வாரம் தலைவலி, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். "இவரு சோறு துன்னும்போதே கடிச்சித் துப்புவாரு, இப்ப சோறும் இல்ல, நான் எங்க போய் நிக்கிறது" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ஆனால் இரண்டு மாதத்தில் பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. முட்டிச் சத்தம் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டச்சுக்காரன் கல்லறைச் சுவரோரம் ஆட்டோவுக்கு நிற்கிறவர்களைக்கூட விடாமல் பிடித்து வைத்து, இட்லி எப்படி விஷம் என்று வகுப்பு எடுத்தேன்.

அந்த வகுப்பில் உருப்படியாகச் சேர்ந்த ஒரே ஆள் என் தம்பி.

என்னைவிட நான்கு வயது சின்னவன். சுகர் இருந்தது. தினம் காலையில் மாத்திரை போடுவான். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவனோ தட்டு நிறையச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, மீன் குழம்பை ஊற்றித் தின்கிற ஆள். ஒரு காலத்தில் குடியும் உண்டு, பத்து வருடம். பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் நைனா போன பிறகு அவனுக்கு நான் வைத்ததுதான் சட்டம்.

ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டான். "அண்ணே, மாத்திர போட்டுக்கினு சோறு துன்னாம இருந்தா ஒன்னும் ஆவாதா?"

"டேய், மாத்திர சுகர கொறைக்குது. சோத்த நிறுத்தினாலும் சுகரு கொறையுது. ரெண்டும் சேந்து கொறைச்சா நல்லதுதானடா? இன்னாத்துக்கு இவ்ளோ யோசன?"

பெரிய டாக்டர் கணக்கில் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

இருபது நாளில் நன்றாகவே இறங்கினான். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையில் பட்டன் போட முடிந்தது. தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று, "மாமா, உங்க தம்பி திரும்ப மாப்ள ஆயிட்டாரு, எனக்குத்தான் பயமா கீது" என்று கேலி பண்ணினாள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம் சுகர் பார்க்கப் போனான். நர்சம்மா நம்பரைப் பார்த்துவிட்டு, சோற்றை நிறுத்தினால் மாத்திரையையும் குறைத்தாக வேண்டும், புதன்கிழமை டாக்டர் வருகிறார், கட்டாயம் வந்து பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நேராக என்னிடம் வந்து சொன்னான். புதன்கிழமை எங்கள் பாடு.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதுதான் பாடு. நம் முறைக்கு நாம் போகவில்லையென்றால் போனது போனதுதான், அடுத்த சுற்று வரும்வரை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். எங்கள் குப்பத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பாடு நாளில் எவனாவது குடித்துவிட்டு ஏரியில் இறங்கினால், அந்தப் படகுக்கு முறையே போய்விடும்.

"டாக்டரு அடுத்த புதனும் வருவாரு. பாடு வருமாடா?" என்று கேட்டேன். அவன் வலையைப் பிரித்துப் பார்க்கப் போனான்.

புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். நான், தம்பி, என் மச்சான், மூன்று பேர். தம்பி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு முட்டை தின்றுவிட்டு வந்திருந்தான். மச்சான் வலையின் அந்தக் கோடியில் இறங்கினான். நாங்கள் இருவரும் இந்தப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில். வெயில் ஏறத் தொடங்கிய நேரம், தம்பி கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டான்.

"இன்னாடா பண்ற?" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தான். நல்ல காற்று அடிக்கிறது, அவன் முகத்தில் வேர்வை வழிகிறது. ஏதோ சொன்னான், நாக்குக் குழறியது. பிறகு காரணமே இல்லாமல் சிரித்தான்.

எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். பத்து வருடம் பார்த்த சிரிப்பு. சட்டையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. பாக்கு எதையாவது மென்று ஏமாற்றுகிறான் என்று நினைத்தேனே தவிர, குடிக்கவில்லை என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

"குடிக்கலண்ணே. ஒரு மாதிரி கீது. டீ குடு."

மச்சானின் பிளாஸ்க் படகில் இருந்தது. சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. அவன் கை நீட்டினான், கை நடுங்கியது. நான் பிளாஸ்க்கைப் பிடுங்கிப் படகின் முனையில் கொண்டுபோய் வைத்தேன். "சுகர வச்சிக்கினு சக்கர டீ கேக்குதா உனக்கு? கம்முனு படுறா, சோமாறி."

"ஒரு வாய்ணே" என்றான் இன்னொரு தடவை.

அவனைப் படகுக்குள் தள்ளிப் படுக்க வைத்தேன். பக்கத்துப் படகுக்காரர்கள் பார்த்தால் பாடு போய்விடுமே என்று தார்ப்பாயை இழுத்துத் தலைவரை மூடினேன். மச்சான் அந்தக் கோடியிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டான். "ராத்திரி தூங்கலயாம்" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்த்தேன். அன்றைக்கு நல்ல இறால் பட்டது. பாவி, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

உச்சி வெயிலில் தார்ப்பாயை விலக்கினேன். தொப்பலாக நனைந்து கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது, மூச்சு குறட்டையாக வந்தது. கூப்பிட்டேன், எழவில்லை. கன்னத்தில் அறைந்தேன். அப்போதும் கோபத்தில்தான் அறைந்தேன்.

கரைக்கு வந்து, ஆம்புலன்ஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரலில் குத்திப் பார்த்ததும் ஓடிவந்து ஊசி ஏற்றினார்கள். சுகர் அடியோடு இறங்கிக் கிடந்தது, ரொம்ப நேரமாக அப்படியே இருந்திருக்கிறது என்றார் டாக்டர். "குடிச்சிருந்தான் சார்" என்றேன். பார்த்துவிட்டு வந்து, ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்றார். பிறகு கேட்டார், "நினைவு இருந்தப்ப இனிப்பா எதாவது குடுத்தீங்களா? டீயோ ஜூஸோ?"

இல்லை என்றேன்.

தம்பி கண் திறக்கவேயில்லை. ஆறாம் நாள் காலையில் போய்விட்டான்.

சோற்றை விடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. என் முட்டி இன்றைக்கும் வலிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு என் காலையே வெட்டிப் போடலாம் போல வருகிறது. சுகர் மாத்திரை போடுகிறவன் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை மாற்றக் கூடாது. வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் நினைவு போவதற்குள் அவன் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள நான் என் தம்பியைக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் படையலில் அவன் பெண்டாட்டி இலை நிறையச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றி வைத்தாள். எல்லாரும் போன பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, கடைசியா நீங்கதான் கூட இருந்தீங்க. எதனா கேட்டாரா?"

"ஒன்னும் கேக்கலம்மா. அப்டியே தூங்கிட்டான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுவாவது ஆச்சே மாமா. ஆசப்பட்டு எதனா கேட்டு, அது கெடைக்காம போவலயே. எனக்கு அது போதும்."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"டீ குடிங்க மாமா. சக்கர போடல, நீங்க சேத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்றாள்.

வாங்கிக் குடித்தேன்.