ஹெப்சி வந்த ஷிப்ட்

கட்டுக்கதைன்னு நெனக்கிறவங்க இங்கயே நிறுத்திக்கோங்க. இது 2004 மே மாசம், வேலூர்ல ஒரு காலேஜ் இயற்பியல் லேப்ல, பட்டப்பகல்ல நடந்தது. அந்த லேப் பேராசிரியர் நத்தானியேல் சார் பைபிள் மேல கை வெச்சு எங்கிட்ட சொன்னாரு.

ஜெனீவா பக்கத்துல அணுத்துகள்களை மோதவிட்டுப் பாக்குற பெரிய சோதனை. அதுல சேரணும்னா, காலேஜ்ல இவங்க செஞ்ச கருவி வானத்துலர்ந்து வர்ற துகள்களை இருபத்துநாலு மணி நேரம் பிசகாம எண்ணிக் காட்டணும். ஒரு துகள் போனா ஒரு 'டிக்'. நடுவுல கெட்டுப்போனா காலேஜுக்கு இடம் கிடையாது. செல்போன் பக்கத்துல இருந்தா பொய் எண்ணிக்கை விழும். அதனால போனை மாடி ஆபீஸ் டிராயர்ல போட்டுட்டுத்தான் உள்ள வரணும்.

அந்த இருபத்துநாலு மணி நேரம் மத்தியானம் மூணு மணிக்கு முடியணும். ரெண்டு மணிக்கே வரவேண்டிய ஆராய்ச்சி மாணவி ஹெப்சியைக் காணோம். ஆம்பூர்லர்ந்து ஸ்கூட்டர்ல வர்றவ. சாருக்கு ஒரே பேஜார்.

மணி 2.10. டிக்டிக்டிக்டிக்... ஒரேயடியா. அப்புறம் அடங்கிச்சு.

நிமிர்ந்தா, எதிர் ஸ்டூல்ல ஹெப்சி. கதவு சத்தமே கேக்கல.

"இன்னா ஹெப்சி, இவ்ளோ லேட்டு?"

"போனை எடுங்க சார்."

"வெளையாடறியா? இன்னும் அம்பது நிமிஷந்தான்."

அவ சுடிதார் இடுப்பு வரைக்கும் ஈரம். தோல் பதனிடுற ஷாப் கழிவுத்தண்ணி வாடை. அந்த அக்னி வெயில்ல...

2.17. டிக்டிக்டிக்...

"எடுங்க சார்..."

எழுந்து போலாம்னுதான் பாத்தாரு. 'ஆளில்லாம கருவியை விடக் கூடாதே'ன்னு தோணிச்சு. ஆளில்லாமயா? அதான் எதிர்ல இருக்காளே! ஐயோ ஆண்டவரே... கால் அசையல.

2.31. டிக்... டிக்...

"சார்..."

2.44.

டிக்.

ஸ்டூல் காலி.

அப்பதான் காலுக்கு உசுரு வந்துது. மாடிக்கு ஓடினாரு. போன்ல நாலு மிஸ்டு கால். நாலும் ஹெப்சி. 2.10, 2.17, 2.31, 2.44. திருப்பி அடிச்சாரு. யாரும் எடுக்கல.

மாதனூர் பாலத்துக்குக் கீழ, கழிவுக் கால்வாயில ஸ்கூட்டரோட கெடந்தா. இடுப்பு வரைக்கும் தண்ணி. போன் கையிலயே இருந்துது. அரை மணி முன்னாடி தூக்கியிருந்தா பொழைச்சிருப்பான்னாரு டாக்டர்.

அப்புறம் கருவியோட எண்ணிக்கை பதிஞ்ச அச்சுத்தாளை எடுத்துப் பாத்தாங்க. அந்த நாலு நேரத்துலயும் கூடுதலா ஒரு டிக் கூட விழல. சுத்தமான அளவுன்னு ஜெனீவாவுல ஒத்துக்கிட்டாங்க. காலேஜுக்கு இடம் கெடைச்சுது.

நத்தானியேல் சார் மட்டும் ஜெனீவாவுக்குப் போகல. இன்னிக்கும் போன் அடிச்சா, பிரேயர்ல இருந்தாக்கூட முதல் ரிங்லயே எடுத்துடறாரு.