தலையும் தலையும் மோதியபோது

போன அரையாண்டு லீவில், விராலிமலைப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது இது. அன்று எங்கள் அணியின் பக்கம் இருந்தவர்கள் மொத்தம் பதிமூன்று பேர். கால்பந்து ஆட வந்த பெண்பிள்ளைகள் பதினொன்று, அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ், அப்புறம் நான். இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்பதால் மாற்றி இறக்க ஆள் கிடையாது.

அந்தப் பதினொன்றில் என் மகளும் ஒருத்தி. பத்தாவது படிக்கிறாள். கிளம்பும்போதே நிபந்தனை போட்டாள். “வாரதுன்னா வாம்மா. ஆனா போன தடவ மாதிரி ‘ஓடாத, விழுந்துருவே’ன்னு கத்தக் கூடாது. எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாளுக.” எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். சரி என்று தலையாட்டினேன்.

அரையிறுதி ஆட்டம். ஒரு கோல் நாங்கள் முன்னால். இரண்டாம் பாதியில் உயரமாக வந்த பந்துக்கு என் மகளும் எதிரணிப் பிள்ளையும் ஒன்றாக எகிறினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. இருவரும் விழுந்தார்கள். அந்தப் பிள்ளையை வெளியே கூட்டிப்போய் வேறொருத்தியை இறக்கினார்கள். என் மகள் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி ஓடினாள். “ரத்தம் இல்லைங்கக்கா, பயப்படாதீங்க” என்றார் மிஸ்.

கொஞ்ச நேரத்தில் பந்தை எறியக் கோட்டோரம் வந்தவள் என்னைப் பார்த்து, “அம்மா, நம்ம எந்தப் பக்கம் அடிக்கணும்?” என்றாள். பக்கத்தில் நின்ற பிள்ளை விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று சிரித்தது. எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. ஆனால் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான், மிஸ்ஸிடம் போய் என்னவென்று சொல்வேன்? இவளை வெளியே எடுத்தால் பத்துப் பேரை வைத்து ஆட வேண்டும். அத்தனை பிள்ளைகளின் ஆசையும் என்னால் கெட்டுப்போகும். பந்து அவள் பக்கம் எழும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். மறுபடி என் பக்கம் வந்தாள். “மேட்ச் எப்பம்மா ஆரம்பிக்கும்?”

எழுந்து, கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தேன். விசில் ஊதினார்கள். “ஏப்பா, அந்த அக்காவையும் டீம்ல சேத்துக்கங்க” என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. மகள் என் கையை உதறினாள். நான் விடவில்லை.

“மிஸ், இவளுக்கு ஆட்டம் நடக்குறதே தெரியலைங்க.”

மிஸ் அவளிடம் ஸ்கோர் கேட்டார். அவள் திருதிருவென விழித்தாள். மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் மூளை அதிர்ந்திருக்கிறது, இது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் டாக்டர்.

ஆட்டத்தில் தோற்றோம். நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் பந்தைத் தொட்டாள். இப்போதெல்லாம் தலையில் அடிபட்டால் யாராக இருந்தாலும் மிஸ் உட்காரவைத்துவிடுகிறார், பத்துப் பேரோடு ஆட நேர்ந்தாலும் சரி.

மகளைக் காப்பாற்றிவிட்டாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கோ, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் பந்து ஒரே ஒரு முறை அவள் தலைக்கு வந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.