ஷத்தா குடித்த ரங்கூன் மல்லி

ரியாத் குளிரில் எனக்குப் பல் தந்தியடிக்கிறது. என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பூந்தொட்டி சொகுசாக இருக்கிறது. அரபு நாடென்றால் வெயில் மட்டும்தான் என்று நம்பி டிரைவர் வேலைக்கு விமானம் ஏறிய ஆள் நான்.

தொட்டி முதலாளியம்மாவுடையது. அவரை இங்கே ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஊரில் சொன்னால் என் சொந்த மாமாவே அடிக்க வருவார். முதலாளியம்மா தன் மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும்போது, வாசலில் நின்ற கொடியைக் காட்டி, “ஷித்தா, ஜுவா” என்றார். தலையாட்டினேன். ஜுவா என்றால் உள்ளே. முதல் வார்த்தை என் காதில் ‘ஷத்தா’ என்று விழுந்தது; அது ஷவர்மா கடை மிளகாய்ச் சாறு. ஊரில் பூச்சிக்கு மிளகாய் அரைத்துத் தெளிப்போமே! அவர் அறிவை மெச்சி, ஒரு பாட்டில் ஷத்தாவைத் தொட்டிக்குள் ஊற்றினேன்.

இலையெல்லாம் கொட்டிவிட்டது. மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸாகி, பிறகு சிவக்கிற பூ அது. இப்போது நிறம் மாறியது என் முகம்தான். முந்தைய டிரைவர் காரில் விழுந்த ஒரு கீறலுக்கே வேலை போய் ஊர் திரும்பியவர். நான் போனால், என் மகளின் காலேஜ் படிப்பும் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடும். பயத்தில் பெட்டியைக் கட்டிவைத்தேன்.

சமையல் வேலை செய்யும் செல்வி, இலங்கை அட்டன் பக்கம். அவளிடம் காட்டினேன்.

“இது ரங்கூன் மல்லிண்ணே. எங்க தேயிலைத் தோட்டத்துல தொர பங்களா கேட்டுல படர்ந்து கெடக்கும். மாமா என்னா சொல்லிட்டுப் போனாங்க?”

சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஷித்தான்னா குளிர்காலம்ணே! உள்ளுக்கு எடுத்து வைக்கச் சொன்னா, நீங்க மொளகாச் சம்பல் ஊட்டி வச்சிருக்கீங்களே! சரி, கவ்வாத்து வெட்டுவோம்.”

“நான் என்ன போலீஸா, கவாத்துப் பண்ண?”

“தேயிலைய வெட்டுற மாதிரிண்ணே. கத்தியக் குடுங்க.”

கொடியை வெட்டி, வேரைக் கழுவி, மண் மாற்றி, என் அறை ஜன்னலோரம் வைத்தாள். மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர், உரம் கூடவே கூடாது என்றாள்.

இன்று மாமா திரும்பினார். நேராக என் அறைக்கே வந்துவிட்டார். கம்பளிக்குள் மொட்டைக் குச்சி. நகத்தால் தண்டைக் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை.

அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கல்லீ... ஹினா” என்று சொல்லிவிட்டுப் போனார். ‘கல்லீ’ என்றால் அது இங்கேயே இருக்கட்டும். ‘கல்லீக்’ என்றால் நீ இங்கேயே இரு. அந்த ‘க்’ என் காதில் விழுந்ததா, நானாகப் போட்டுக்கொண்டேனா, தெரியவில்லை.

பெட்டியைத் திறந்து பாதித் துணியை வெளியே எடுத்தேன். மீதி உள்ளேயே இருக்கிறது.