பாடத்துக்குப் போட்ட கட்டு

செசீலியா என்ற பெயரைப் புஸ்பம் முதலில் கேட்டது மகள் இராசாத்தியின் வாயால்தான். சண்டைக் காலம் அது. புஸ்பம் உன்னிச்சைச் சாமித்தம்பியின் கடைசி மகள். வயல் வட்டையையும் வீட்டையும் விட்டுவிட்டு, குருக்கள்மடத்தில் தாய்மாமன் வளவுக்குள் குடிசை போட்டிருந்தாள். விறகுக்குப் போன புருசன் போனவன்தான். மிஞ்சியது ஆண்டு ஏழில் படித்த இராசாத்தி மட்டும்.

நேர்ஸுக்குப் படிக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சுகாதாரம் படிப்பிக்க வந்திருக்கிறார்கள், தங்கள் வகுப்புக்குக் கல்லடியிலிருந்து வருகிற செசீலியா மிஸ் என்று பிள்ளை வந்து சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் மிஸ்ஸின் சட்டம்தான். தண்ணீரைக் கொதிக்க வை, சிரட்டையைக் கவிழ்த்து வை.

"உன்ட மிஸ்ஸையே வந்து விறகு பொறுக்கித் தரச் சொல்லு புள்ள," என்பாள் புஸ்பம்.

கடைசிப் பாடம் காயத்துக்குக் கட்டுப் போடுவது. ஷெல் விழுகிற ஊருக்கு வேண்டிய பாடம்தான். செசீலியா இராசாத்தியின் கையில் சிவப்பு மருந்தைத் தடவி, மருந்துச் சீலையைச் சுற்றிக் காட்டினாள். அவிழ்க்காமல் கொண்டுபோய் அம்மாவுக்கும் காட்டு என்றாள். நாளும் தான் தாண்டி வருகிற, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றியை அந்த நேரம் மறந்துபோனாள்.

சென்றியில் நின்றவர்கள் கட்டை அவிழ்த்தார்கள். உள்ளே காயம் இல்லை. காயமில்லாத கையில் மருந்துச் சீலை என்றால் காட்டிலிருக்கிற இயக்கப் பொடியன்களுக்குக் கடத்துகிறாள் என்று பிள்ளையை உள்ளே இருத்திவிட்டார்கள்.

புஸ்பம் பள்ளிக்கு ஓடினாள். அதிபர் பார்ப்போம் என்றார். செசீலியா அவளுக்கு முன்னால் நடந்தாள். சென்றியில் நின்று, "நான்தான் கட்டினன். பாடத்துக்குக் கட்டினன்," என்றாள். பிள்ளையை விட்டார்கள். அவளை வைத்துக்கொண்டார்கள். புஸ்பம் மகளை இழுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் வந்தாள்.

கொஞ்ச நாளில் செசீலியாவின் தாய் மார்கிறட் தேடி வந்தாள். பிள்ளையோடு வந்து ஆமி முகாமின் பெரியவரிடம் உள்ளதைச் சொன்னால் விடக்கூடும், தேவாலயத்துச் சுவாமி பேசி வைத்திருக்கிறார் என்றாள். இராசாத்தி செருப்பை மாட்டினாள். புஸ்பம் அதைக் கழற்றி முற்றத்தில் எறிந்தாள்.

"தங்கச்சி, என்ட மகள் உங்கட பிள்ளைக்காகத்தானே உள்ளுக்குப் போனவள்?"

"கட்டச் சொன்னது நானில்ல கா. எனக்கிருக்கிறது ஒண்டுதான்."

"எனக்கும் ஒண்டுதான்," என்றாள் மார்கிறட். வந்த வழியே திரும்பிப் போனாள்.

செசீலியாவை விட்டபோது அடுத்த மாரியும் கழிந்திருந்தது. படிப்பில் திரும்பச் சேர்க்கவில்லை. உள்ளே இருந்துவந்த பெண் என்று சம்பந்தம் பேசவும் ஆள் வரவில்லை. இராசாத்தி கலியாணம் முடித்து ஊரைவிட்டே போனாள். தாயோடு பேச்சு இல்லை. பிள்ளை போய்ச் சொல்லியிருந்தால் மட்டும் செசீலியாவை விட்டிருப்பார்களா என்று புஸ்பம் இன்னும் கேட்கிறாள், யாரும் கேட்காமலே.

மார்கிறட் செத்துவிட்டாள். செசீலியா கல்லடியில், தன் பெரியம்மாவின் மகன் வீட்டில் ஒண்டியிருக்கிறாள்.