கம்பிக்கும் சீக்கு வருமா?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, உத்தமபாளையம் பக்கத்தில் அனுமந்தன்பட்டிக்கு நாங்கள் குடிவந்த புதிதில் நடந்தது இது. மகன் பள்ளிக்குப் போனபின் வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று ஆன்லைனில் வேலை தேடினேன். முன்பணம் கேட்ட இரண்டு மூன்று பேரைத் தாண்டி, ஒரு நிறுவனத்தில் உண்மையாகவே வேலை கிடைத்தது. விவசாயிகளுக்காக ஒரு மொபைல் ஆப் தயாரிக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் திராட்சை இலைப் படங்களில் நோய் தெரிந்தால், அந்த இடத்தைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். அவ்வளவுதான்.

நான் தேனி டவுனில் வளர்ந்தவள். திராட்சையைப் பழக்கடையில் பார்த்ததோடு சரி. மாதிரிப் படங்களை மனப்பாடம் செய்துகொண்டு, வெள்ளையாக எது தெரிந்தாலும் சாம்பல் நோய் என்று குறித்தேன். மூன்றே வாரத்தில் பாராட்டி மெயில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மதியம் பக்கத்து வீட்டுப் பெண் முருங்கைக்காய் கொடுக்க வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறவள். லேப்டாப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“எதுக்குக்கா இதுல கட்டம் போடுறீக?”

“இலையில சாம்பல் நோய் இருக்குல்ல, அதுக்குத்தான்.”

குனிந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள். “இது சீக்கு இல்லக்கா. மருந்து அடிச்சிருக்காக, சொட்டு காஞ்சு கறையா நிக்குது. பந்தக் கம்பியப் பாருங்க, அதுலயும் அதே புள்ளி. கம்பிக்கும் சீக்கு வருமாக்கா?”

படத்தைப் பெரிதாக்கினேன். இலைக்கு மேலே ஓடிய பந்தல் கம்பியில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள்! பழைய படங்களைத் திறக்கத் திறக்க, நான் நோய் என்று குறித்த பலவற்றிலும் இதே புள்ளிகள். மறுநாள் காலை அவளோடு தோட்டத்துக்கே போனேன். பழம் அறுத்தபடியே இரண்டு இலைகளைப் பறித்துக் கையில் கொடுத்தாள். நோய் வந்த இலை சாம்பல் தூவியதுபோலத் திட்டுத் திட்டாக, ஓரம் சுருண்டிருந்தது. மருந்து பட்ட இலையில் சொட்டுகள் நுனியில் காய்ந்திருந்தன. நான் விடாமல் கேள்வி கேட்டதில் அவளுக்கு வேலைதான் கெட்டது.

தப்பாகக் குறித்துவிட்டேன் என்று நிறுவனத்துக்கு எழுதப் போகிறேன் என்றதும் கணவர், “அவுகளே சரின்னுட்டாக. நீயா எதுக்கு வாயக் குடுக்குற?” என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் இந்த ஆப்பை நம்பி ஒரு விவசாயி மருந்துக்கு மேல் மருந்து அடித்தால்? எழுதிவிட்டேன்.

ஐந்து நாள் பதிலும் இல்லை, புதுப் படமும் இல்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆறாம் நாள் பதில் வந்தது. வேறு சிலரும் இதே தவறைச் செய்திருக்கிறார்களாம். என் படங்கள் அத்தனையையும் சம்பளமில்லாமல் மறுபடி பார்த்துக் கொடுத்தேன். தோட்ட வேலை தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள்; அவளிடம் கேட்டுவிட்டு அவள் பெயரைச் சொன்னேன். அவர்கள் வைத்த தேர்வைத் தன் போனிலேயே எழுதித் தேறிவிட்டாள். தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் அவளும் இப்போது படம் பார்க்கிறாள்.

இன்றும் ஒரு படத்தில் சந்தேகம் வந்தால் எழுந்துபோய் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். தெரியாது என்று சொல்ல எனக்கிருந்த கூச்சம் அன்றோடு போனதுதான், இந்த வேலையில் நான் சம்பாதித்ததிலேயே பெரியது.