பெரியண்ணன் பாறையில் ஒரு சுற்று

"தோட்டாவக் குடுத்துருங்க சாமி" என்று சென்றாயன் கையை நீட்டினால், பரிசல் பெரியண்ணன் பாறையை நெருங்கிவிட்டது என்று பொருள். ஜமீன்தாரோ வெள்ளைக்காரத் துரையோ, துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை உருவி அந்தக் காய்ப்பேறிய உள்ளங்கையில் வைக்கிறவரை துடுப்பு அசையாது. வாங்கி மடியில் செருகிக்கொள்வார். பிறகு பரிசலை அந்த இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார். பாறையில் குடியிருக்கும் சாமிக்குப் பரிசல் போடும் கும்பிடு அது. சுற்றி முடித்ததும் தோட்டா திரும்பி வரும். காரணம் கேட்டால், "பெரியண்ணனுக்கு வெடிமருந்து வாசன ஆவாதுங்க" என்பார். பட்டணத்து ஆட்கள் ஊருக்குப் போய்க் கதை சொல்ல இதை மனத்தில் குறித்துக்கொள்வார்கள்.

கொல்லிமலையில் படகா என்று கேட்பவர்கள், மழை ஓய்ந்த மாதங்களில் திருப்புலி நாட்டுப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். ஐயாறு அங்கே ஓரிடத்தில் அரை மைல் நீளத்துக்கு மடுவாகத் தேங்கிக் கிடக்கும். இரு கரையும் அடர்ந்த காடு. நடந்துபோய் விலங்கு பார்க்கலாம் என்றால் காலடிச் சருகு காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் வழியே போனால் கடமானின் மூக்கு ஈரம்கூடத் தெரியும். அதற்காக மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து டோலியில் ஏறி வருகிறவர்களுக்குச் சென்றாயனும் அவருடைய எருமைத்தோல் பரிசலும்தான் கதி.

ஐம்பது வயது தாண்டிய குள்ள மனிதர். கரையில் யாரைக் கண்டாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். பரிசலில் ஏறிவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். "வெள்ளச் சட்டயக் கழட்டிருங்க. வெள்ளனப் போயிரோணும், வெயில் ஏறுனா ஒண்ணும் நிக்காது. வெரல நீட்டிக் காட்டாதீங்க, தாவாக்கட்டயில காட்டுங்க. கையத் தண்ணியில உடாதீங்க, சத்தம் கேட்டா ஓடிப்போயிரும்." ஒரு தாசில்தார் ஆசையாகத் தண்ணீரை அளைந்துகொண்டு வந்தார். சென்றாயன் துடுப்புக் காம்பால் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார். தாசில்தார் கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையனைப்போல உட்கார்ந்து வந்தார்.

வீட்டில் அவருக்கென்று இருப்பவள் தங்கை கண்ணாயி ஒருத்திதான். அவள் புருஷன் செல்லமுத்து இந்த மடுக்கரையில்தான் செத்தான். முப்பத்து நான்காம் வருஷம் மார்கழியில், ஒரு துரையின் வேட்டைக்கு விலங்கு விரட்டிக் காடு கலைக்கப் போனவனைக் கரடி அடித்துவிட்டது என்றார்கள். அன்று அவள் காளப்பநாயக்கன்பட்டிக்கு மிளகு விற்கப் போயிருந்தாள். மலையேறி வருவதற்குள் உடம்பைத் துரையின் கூடாரத் துணியில் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். கரடி கிழித்த முகம், பார்க்க வேண்டாம் என்று அவிழ்க்க விடவில்லை. அவள் கயிற்று முடிச்சைத்தான் பார்த்து அழுதாள்.

அன்றிலிருந்து வேட்டைக்காரர் யார் வந்தாலும் கண்ணாயி கரையில் வந்து நிற்பாள். "என்ற ஊட்டுக்காரரக் கொன்ன கரடிங்க சாமி. அதச் சுட்டுப்போட்டுப் போங்க." சுட்டார்கள். நான்கு வருஷத்தில் ஐந்து கரடிகள் விழுந்தன. ஒவ்வொன்றின் பாதத்தையும் அவள் தூக்கி நகத்தைப் பார்ப்பாள். "இது இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். ஐந்து முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்த சென்றாயன், ஐந்து முறையும் வெற்றிலையைப் போட்டு மூடிக்கொண்டார்.

ஏனென்றால் அன்று கரடியே வரவில்லை. பரிசலில் இருந்த துரை கடமானைக் குறிவைத்துத் துப்பாக்கியைத் தூக்கியிருந்தார். பரிசல் பெரியண்ணன் பாறைக்கு நேராக வந்தது. பன்னிரண்டு வயதில் துடுப்புப் பிடித்ததிலிருந்து அந்த இடத்தில் சுற்றிப் பழகிய கை, சுற்றிவிட்டது. கடமானைப் பார்த்திருந்த குழல் எதிர்க்கரையில் நின்ற செல்லமுத்துவைப் பார்த்தது, வெடித்தும் விட்டது. கூட வந்த எழுத்தர் சென்றாயனின் கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்தார். "உள்ளதை எழுதினால் பரிசலைத் திருப்பினவன் பெயர்தான் முதலில் வரும். கரடி என்று இருக்கட்டும்." சென்றாயன் தூக்குக்குப் பயப்படவில்லை. கண்ணாயிக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் கைநாட்டு வைத்தார். அந்தப் பயம் இன்றுவரை அவரோடு உட்கார்ந்து களி தின்கிறது.

இந்தத் தை மாதம் சேலத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். நல்ல மனிதர். கண்ணாயியின் கதையைக் கேட்டுக் கண் கலங்கி, "நீயும் வாம்மா, உன் கண் முன்னாலேயே சுடுகிறேன்" என்றார்.

"பரிசல் தாங்காதுங்க" என்றார் சென்றாயன்.

"நாலு பேரைத் தாங்கும் என்று நேற்று நீர்தானே பெருமையடித்தீர்?"

புருஷன் செத்த தண்ணீர் என்று நான்கு வருஷமாகப் பரிசல் பக்கமே வராதவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி நடுவில் உட்கார்ந்தாள். சென்றாயன் துடுப்பை எடுத்தார். அன்று அவர் சட்டம் எதையும் சொல்லவில்லை.

பனி இன்னும் தண்ணீர்மேல் கிடந்தது. பாறை தெரிந்ததும் கேட்காமல் போய்விடலாமா என்று நினைத்தார். குண்டு ஏறிய துப்பாக்கியோடு சுற்ற அவரால் முடியாது. சுற்றாமல் போகவும் முடியாது. "தோட்டாவக் குடுத்துருங்க சாமி" என்றார். வக்கீல் இரண்டு தோட்டாக்களை உருவி நீட்ட, நடுவில் இருந்த கண்ணாயி வாங்கினாள். வக்கீல் தூரக்கண்ணாடியை எடுத்துக் கரையைத் துழாவ ஆரம்பித்தார்.

கண்ணாயி தோட்டாக்களை அண்ணனிடம் கொடுக்கவில்லை. "இதென்னண்ணா புது வழக்கம்? அப்பன் காலத்துல இல்லியே" என்றாள், அடங்கிய குரலில்.

"பெரியண்ணனுக்கு மருந்து வாசன..."

"நோம்பிக்கு வேட்டுப் போடறமே அண்ணா, அவரு முன்னாடி?"

துடுப்பு தண்ணீரில் சும்மா நின்றது. "எப்பருந்து தோட்டாவக் கேக்கற?" என்றாள்.

"நாலு வருசமா."

அவள் பாறையைப் பார்த்தாள். தலையைத் திருப்பி எதிர்க்கரையைப் பார்த்தாள். செல்லமுத்து விழுந்த இடத்தில் அவளே அடுக்கி வைத்த கற்குவியல் அங்கே இருந்தது. இத்தனை நாள் காட்டுப் பக்கத்திலிருந்துதான் அதைப் பார்த்திருக்கிறாள். தண்ணீரிலிருந்து பார்த்தால் அது பாறைக்கு நேர் எதிரே, ஒரு கல் எறியும் தூரத்தில் இருந்தது.

"சுத்தறப்பவா?" என்றாள்.

சென்றாயன் துடுப்பைப் பார்த்தபடி சொன்னார். "கை தானாத் திரும்பிருச்சு கண்ணு."

அவள் அழவில்லை; ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவர் பரிசலைச் சுற்றினார், பழகிய கை. பாறை போனது, காடு போனது, கற்குவியல் போனது, மறுபடியும் பாறை வந்தது. அந்த ஒரு சுற்றும் கண்ணாயி அண்ணன் முகத்தையே பார்த்திருந்தாள்.

"ஸ்..." என்றார் வக்கீல். கற்குவியலுக்குப் பக்கத்தில் புதர் விலகி ஒரு கரடி இறங்கியது. முதுகில் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. மூக்கைத் தண்ணீரில் வைத்துச் சாவகாசமாகக் குடித்தது. வக்கீல் கரடியைவிட்டுக் கண்ணெடுக்காமலே, "அதோ உன் கரடி, அம்மா! கொடு, கொடு" என்று முணுமுணுத்தபடி பின்னால் கையை நீட்டினார்.

கண்ணாயி மூடிய கையைப் பரிசலின் விளிம்புக்கு வெளியே கொண்டுபோய், மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் விட்டு, விரல்களை விரித்தாள்.